தோளில் துண்டு, இடுப்பில் துண்டு

மன்றத் தேர்தல் வந்துவிட்டது. தலைவர் பதவிக்கு நால்வர் நிற்கிறார்கள். நால்வர் அறிக்கையிலும் 'உங்கள் தொண்டன்' என்ற சொல் தவறாமல் இருக்கிறது. மகிழ்ச்சியே! ஆனால் சென்ற பொங்கல் விழா முடிந்த இரவு நாற்காலிகளை அடுக்கி வைக்க இந்த நால்வரில் ஒருவரும் இல்லை. நானும் இல்லை. மறுநாள் தேர்வு என்றொரு சாக்கு எனக்கு இருந்தது. விடுதி ஊழியர் இருவர் அடுக்குவதை அறைச் சன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவர்களில் ஒருவர் மூன்றாண்டுகளாக எனக்குச் சோறு பரிமாறுகிறவர். அவர் பெயரை அன்றுவரை நான் கேட்டதில்லை.

இயேசு பெருமான் தம் இறுதி இராவுணவின்போது செய்ததை யோவான் சுவிசேஷத்தின் 13-ஆம் அதிகாரம் கூறுகிறது. பந்தியைவிட்டு எழுந்தார், மேலாடையைக் கழற்றி வைத்தார், துண்டொன்றை இடுப்பில் கட்டிக்கொண்டு சீடர்களின் கால்களைக் கழுவினார். புழுதிக் கால்களைக் கழுவுவது அந்நாளில் வேலையாளின் பணி. பேதுரு பதறித் தடுத்தார். காட்டிக்கொடுக்கப்போகிற யூதாசும் அந்தப் பந்தியில் இருந்தான்.

நம் ஊரில் துண்டுக்குத் தனிப் பொருள் உண்டு. தோளில் கிடந்தால் மதிப்பு. இடுப்புக்கு இறங்கினால் அடக்கம். தாழ்த்தப்பட்ட மக்களைப் பார்த்து, 'தோளில் துண்டா? இறக்கிக் கட்டு' என்று அதட்டிய ஊர்கள்தாம் எத்தனை! அதற்குப் பணிவு என்று பெயர் சூட்டுவது பொய். ஏற்கெனவே குனிந்து நிற்பவனிடம் 'தாழ்மையாய் இரு' என்று போதிப்பதைப் போல் எளிதான பிரசங்கம் வேறில்லை. திருச்சபைகளிலும் அது நடந்ததுண்டு. ஆனால் அந்த இரவில் துண்டைக் கட்டியவர் குரு, சீடரல்லர். கட்டு என்று அவரை யாரும் அதட்டவுமில்லை.

இதைச் சரியாக உணர்ந்த ஒருவர், நம்மைப் போலவே தமிழ்நாட்டை விட்டு வேற்று மொழி வழங்கும் ஊருக்குப் போனவர். வேதநாயகம் சாமுவேல் அசரியா 1874-இல் திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் பிறந்தார். ஒய்.எம்.சி.ஏ. செயலாளராகப் பெயர் பெற்றிருந்தவர், 1909-இல் அதை விட்டுவிட்டு நிசாம் ஆட்சியிலிருந்த தோர்ணக்கல்லுக்குச் சென்றார். 35 வயதில் தெலுங்கு கற்றார். மறு ஆண்டு எடின்பரோவில் உலக மிஷனரி மாநாடு. வெள்ளையர் நிறைந்த அந்த அவையில், 'உங்கள் தியாகத்தை அறிவோம். ஆனால் எங்களோடு நண்பர்களாய்ப் பழகவில்லையே' என்ற பொருள்படப் பேசினார். அவையில் சிலருக்குக் கசந்தது. மேலோர் முன் நிமிர்ந்து பேசிய அதே மனிதர், 1912 டிசம்பர் 29-இல் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்திய அத்தியட்சரானார். ஆன பின்பு, தீண்டத்தகாதவர் என ஒதுக்கப்பட்ட மாலர், மாதிகர் வாழும் சிற்றூர்களுக்கு மாட்டுவண்டியில் போய்வந்துகொண்டிருந்தார். 1945-இல் தோர்ணக்கல்லிலேயே மறைந்தார். (மதமாற்றம் பற்றிக் காந்தியடிகளுக்கும் அவருக்கும் கருத்து வேறுபாடு இருந்தது. அது தனி வழக்கு, இங்கே வேண்டாம்.)

மேலே இருப்போர் முன் நிமிர்வதும் கீழே இருத்தப்பட்டோர் முன் குனிவதும் ஒரே குணத்தின் இரு பக்கங்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. நாமோ பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். துறைத்தலைவரிடம் குழைகிறோம், சமையற்கூட ஊழியரிடம், இவ்வூர் மொழியில் நாம் கற்றுக்கொண்ட நாலைந்து ஏவற்சொற்களை வீசுகிறோம்.

வேட்பாளர் கூட்டத்தில் நால்வரிடமும் ஒரு கேள்வி கேட்க எண்ணியிருக்கிறேன்: நம் விடுதிச் சமையற்கூடத்தில் வேலை செய்பவர்களில் எத்தனை பேருடைய பெயர் உங்களுக்குத் தெரியும்? எனக்கு இதுவரை மூன்று பேருடையது தெரியும். நாற்காலி அடுக்கியவரிடம் போன வாரம் கேட்டேன். சொல்லிவிட்டு, என் பெயரையும் கேட்டார்.