"யாருக்கும் தெரியாத கிளிப்" – நாம் யாருக்கு மறைக்கிறோம்?



கொஞ்சம் நீளமான பதிவு. பிள்ளை வைத்திருக்கும் உம்மாமார், வாப்பாமார் கடைசி வரை வாசியுங்கள். கோபம் வந்தாலும் பரவாயில்லை, வாசித்துவிட்டுக் கோபப்படுங்கள்.

எங்களிடம் படித்த ஒரு பிள்ளை போன வாரம் தன் உம்மாவோடு எங்களைப் பார்க்க வந்தார். இருபது வயது. முகத்தை மூடிக்கொண்டே பேசினார். கடைசியில் வாயைத் திறந்து காட்டினார். மேல் முன்பல் ஒன்று, விரலால் தொட்டாலே ஆடுகிறது.

நடந்தது இதுதான். கல்யாணப் பேச்சு வந்தது. பெண் பார்க்க வந்தவர்களில் ஒருவர், "பிள்ளை நல்லம், பல்லுதான் கொஞ்சம் முன்னுக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிரவே போனில் ஒரு விளம்பரம்: வீட்டிலிருந்தே செய்யலாம், ஆறு மாதம், யாருக்கும் தெரியாது. கூரியரில் களி மாதிரி ஒன்று வந்தது. அதைக் கடித்து அச்சு எடுத்து அனுப்பினார்கள். உம்மாவின் வளையல் அடகுக்குப் போனது. கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் உறைகள் பெட்டியில் வந்தன. எக்ஸ்ரே இல்லை. ஒரு பல் வைத்தியர்கூட அந்த வாயைத் திறந்து பார்க்கவில்லை. நாலாம் மாதம் பல் ஆடத் தொடங்கியது. இப்போது அந்த நம்பருக்கு எடுத்தால் பதில் இல்லை.

அரசாங்க ஆஸ்பத்திரியில் காட்டியபோது சொன்னார்களாம்: முரசில் ஏற்கனவே நோய் இருந்திருக்கிறது, அதைச் சுகப்படுத்தாமல் பல்லை நகர்த்தியிருக்கிறார்கள்.

உடனே "அலைனரே மோசடி" என்று யாரும் கமெண்டில் எழுத வேண்டாம். அது மோசடி அல்ல. 1997 இல் அமெரிக்காவில் தொடங்கிய ஒரு கம்பனி கொண்டுவந்த முறை இது. இன்று உலகம் முழுக்கப் பல் சீரமைப்பு நிபுணர்கள் பயன்படுத்துகிறார்கள். ஒவ்வொரு உறையும் பல்லை ஏறக்குறைய கால் மில்லிமீற்றர்தான் நகர்த்தும். ஒன்று அல்லது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அடுத்த உறை. நாளைக்கு 20 முதல் 22 மணித்தியாலம் வாயில் இருக்க வேண்டும். சாப்பிடும்போதும் பல் துலக்கும்போதும் மட்டும் கழற்றலாம். அதைப் போட்டுக்கொண்டு சூடான பிளேன் டீ குடிக்க முடியாது. நோன்பு காலத்தில் பகல் பிரச்சினை இல்லை. நோன்பு திறந்ததிலிருந்து சஹர் வரை கொறித்துக்கொண்டே இருப்பவருக்கு இது சரிவராது.

ஆனால் நகர்வது பல் மட்டுமல்ல. பல் ஒரு பக்கம் தள்ளும்போது அந்தப் பக்க எலும்பு கரைய வேண்டும், மறுபக்கம் புது எலும்பு உருவாக வேண்டும். முரசும் எலும்பும் நோயுற்றிருந்தால் கரைவது மட்டும்தான் நடக்கும். வேர் எப்படி இருக்கிறது, எலும்பு எவ்வளவு இருக்கிறது என்பது எக்ஸ்ரேயில்தான் தெரியும். களியில் கடித்த அச்சில் தெரியாது.

இன்னொன்று. முன்பல் தள்ளியிருப்பது எப்போதும் பல்லின் குறை அல்ல. சில பிள்ளைகளுக்குக் கீழ்த்தாடை பின்னால் இருக்கும். வளரும் வயதில் கழற்றி மாட்டும் வேறு வகைக் கருவிகளால் அதற்கு உதவ முடியும். வளர்ச்சி முடிந்த பிறகு எந்தப் பிளாஸ்டிக் உறையும் தாடையை வளர்க்காது. கடுமையாக இருந்தால் சத்திரசிகிச்சைதான்.

"வெளிநாட்டில் எல்லாம் தபாலில்தானே செய்கிறார்கள்" என்பவர்களுக்கு: அமெரிக்காவில் அப்படித் தபாலில் விற்றுப் பெரிதாக வளர்ந்த ஸ்மைல் டிரெக்ட் கிளப் 2023 டிசம்பரில் இழுத்து மூடப்பட்டது. சிகிச்சையின் நடுவில் இருந்தவர்கள் நடுவிலேயே விடப்பட்டார்கள். அங்கேயே அந்தக் கதி.

இனி நம் பக்கம் வருவோம்.

இந்தப் பிள்ளை தரம் 5 படிக்கும்போது பாடசாலைப் பல் சிகிச்சையாளர் பார்த்துவிட்டு, ஆஸ்பத்திரிக்குக் காட்டச் சொல்லித் துண்டு கொடுத்தார். உம்மாவுக்கு நினைவிருக்கிறது. எங்களுக்கும் நினைவிருக்கிறது. ஏன் போகவில்லை? அது புலமைப்பரிசில் வருடம். ஒரு நாள் வகுப்பு விடுபட்டால் புள்ளி குறையும் என்று உம்மா பயந்தார். "பரீட்சை முடியட்டும்" என்று சொன்னவர்கள் ஆசிரியர்களாகிய நாங்கள். இதில் எங்களுக்கும் பங்கிருக்கிறது, மறைக்கவில்லை.

பரீட்சை முடிந்தது. துண்டு தொலைந்தது. பத்து வருடமாக அந்தப் பிள்ளை வகுப்பில் பட்டப்பெயர் வாங்கினார், வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அப்போது நமக்கு அவசரம் வரவில்லை. மாப்பிள்ளை வீட்டார் ஒரு வார்த்தை சொன்னதும் ஒரே இரவில் வளையல் அடகுக்குப் போனது. பத்து வயதில் இலவசமாகக் கிடைக்க இருந்ததை இருபது வயதில் கடன்பட்டுக் கெடுத்தோம்.

"யாருக்கும் தெரியாது" என்ற வார்த்தைக்குத்தான் நாம் காசு கொடுக்கிறோம். கண்ணுக்குக் கண்ணாடி போடுவதை மறைக்கிறோமா? பல்லுக்குக் கம்பி போட்டால் மட்டும் என்ன மானக்கேடு? அந்த வெட்கத்தை உண்டாக்கியது நம் வாய்கள். விளம்பரக்காரன் அதைப் பொறுக்கி விற்கிறான், அவ்வளவுதான்.

"பல்லை மாற்றுவது கூடாதே" என்று கேட்பவர்களும் உண்டு. அழகுக்காகப் பல்லுக்கிடையே இடைவெளி உண்டாக்குவதைக் கண்டிக்கும் ஹதீஸ் இருக்கிறது. அது குறையில்லாத பல்லைப் பற்றியது. கடிக்க முடியாததை, பேச்சைக் கெடுப்பதைச் சரிசெய்வது வைத்தியம் என்றுதான் உலமாக்கள் விளக்கம் தருகிறார்கள். போரில் மூக்கை இழந்த அர்பஜா (ரலி) அவர்களுக்குத் தங்கத்தில் மூக்குச் செய்துகொள்ள அனுமதி கிடைத்ததை மறக்க வேண்டாம். சந்தேகம் இருந்தால் ஆலிம் ஒருவரிடம் கேளுங்கள். அதைச் சாட்டாக வைத்துக் காலத்தைக் கடத்த வேண்டாம்.

ஆகவே,

ஏழு வயதில் ஒருமுறை பல் வைத்தியரிடம் காட்டுங்கள். விரல் சூப்புவது, வாயால் மூச்சு விடுவது இருந்தால் சொல்லுங்கள்.

பாடசாலையில் துண்டு தந்தால் அந்த வாரமே போங்கள். பேராதனையிலும் கொழும்பிலும் பல் போதனா வைத்தியசாலைகள் இருக்கின்றன. காத்திருக்க வேண்டி வரும். அதனால்தான் முந்திப் பெயரைப் பதியச் சொல்கிறோம்.

அலைனர் போட விரும்பினால் போடுங்கள். ஆனால் இலங்கை மருத்துவ சபையில் பதிவுள்ள பல் வைத்தியர் நேரில் பார்க்க வேண்டும், எக்ஸ்ரே எடுக்க வேண்டும், முதலில் முரசைச் சுகப்படுத்த வேண்டும். முடிந்த பிறகும் ரிட்டெய்னர் போட வேண்டும், இல்லாவிட்டால் பல் பழைய இடத்துக்கே திரும்பும். இவற்றில் ஒன்றையும் சொல்லாமல் விலையை மட்டும் சொல்பவரிடம் காசு கொடுக்காதீர்கள்.

பெண் பார்க்கப் போகிறவர்களே, அடுத்த வீட்டுப் பிள்ளையின் பல்லை எண்ணாமல் வாருங்கள்.

அந்தப் பிள்ளைக்கு இப்போது முரசுக்குச் சிகிச்சை நடக்கிறது. பல் தப்புமா என்று இன்னும் சொல்லவில்லை. துஆச் செய்யுங்கள். உங்கள் வீட்டில் எங்கேயாவது ஒரு துண்டு மடிந்து கிடந்தால் இன்றைக்கே தேடி எடுங்கள்.