தண்டனையா, நோயா?



இரவு 9 மணி. மங்கலத்தில் விசைத்தறி ஓட்டும் தோழன் பகல் ஷிப்ட் முடித்து, கை கால் கழுவி, சோற்றுத் தட்டோடு அமர்கிறான். பனியன் கம்பெனியில் செக்கிங் பார்த்துக் கண் சிவந்த அவன் துணைவியும் அருகே அமர்கிறாள். எதிரே தொலைக்காட்சி. திரையிலே ஒருத்தி, தலைவிரி கோலம், உருட்டும் விழி, காரணமற்ற சிரிப்பு. இத்தனை வாரம் குடும்பத்தைக் கெடுத்த கொடுமைக்காரிக்குக் கதாசிரியர் தண்டனை வழங்கிவிட்டார். என்ன தண்டனை? தூக்கா? சிறையா? இல்லை, பைத்தியம்!

நோயைத் தண்டனையாக எழுதத் துணிந்த எழுதுகோலே, உன்னைத்தான் கேட்கிறோம். நீரிழிவு கண்டவர் எந்தப் பாவத்தின் பலனை அனுபவிக்கிறார்? காசநோய் வந்தவர் எவர் குடியைக் கெடுத்தார்? மனநோய்க்கு மட்டும் முன்வினைக் கணக்கா? 'வேலைக்காரி' (1949), 'பராசக்தி' (1952) காலத்திலிருந்து மூடநம்பிக்கையைக் கூண்டில் ஏற்றிக் கேள்வி கேட்ட இயக்கம் நம்முடையது. அதே முன்வினை, விளம்பர இடைவேளைக்குப் பிறகு வேறு வேடத்தில் வந்தால் நமக்கு அடையாளம் தெரியாதா?

பெரிய திரை மட்டும் யோக்கியமா? 2005-இல் வந்த 'அந்நியன்', மனம் பிளவுண்டவனைக் கொலைகாரனாக்கிக் காட்டிற்று. அதே ஆண்டு 'சந்திரமுகி'. அமெரிக்காவிலிருந்து மனநல மருத்துவர் வருகிறார். வந்தவர் கடைசியில் மந்திரவாதியோடு கைகோத்து நோய் தீர்க்கிறார்! படித்த படிப்பு எங்கே போயிற்றோ!

கதைதானே என்பார்கள். கதையைப் பார்த்தவன் வீட்டில் நடப்பது என்ன? தம்பி தூங்குவதில்லை, காதில் குரல் கேட்கிறது என்கிறான். மருத்துவமனைக்குப் போக வேண்டியவனைக் கடன் வாங்கிக் கோயிலுக்கும் தர்காவுக்கும் இழுத்துச் செல்கிறார்கள். தேறி வந்தாலும் ஊர் அவனிடம் கொலைகாரனைத் தேடுகிறது. தறிக்கூடத்தில் வேலை இல்லை, பெண் கொடுப்பாரும் இல்லை. ஆகவே மாத்திரையை ஒளித்துத் தின்கிறான். பிறகு அதையும் நிறுத்திவிடுகிறான். 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலை, ஏர்வாடியின் தனியார் காப்பகமொன்றில் தீப்பிடித்தபோது 28 பேர் கருகினார்கள். ஓடியிருக்கலாமே? எப்படி ஓடுவார்கள், காலில் சங்கிலி!

2017-ஆம் ஆண்டுச் சட்டம் சங்கிலியைத் தடை செய்தது. மாற்றுத்திறனாளிகளை இழிவாகக் காட்டலாகாது என்று 2024-இல் உச்ச நீதிமன்றம் காட்சி ஊடகங்களுக்கு நெறியும் வகுத்தது. 'ஊனமுற்றோர்' என்ற சொல்லையே மாற்றி 'மாற்றுத்திறனாளி' என்றழைக்கச் செய்தவர் கலைஞர். 2006-இல் ஏழை வீட்டுக்கு வண்ணத் தொலைக்காட்சியை இலவசமாகத் தந்ததும் அவர் ஆட்சியே. பெட்டியைத் தந்தவர்கள் அதில் ஓடுவதைப் பற்றிக் கேட்கக் கூடாதா? நம்மவர் நடத்தும் தொலைக்காட்சிகளையும் சேர்த்தே கேட்கிறோம். சொல்லக் கசக்கிறது, ஆயினும் சொல்கிறோம்.

மாத்திரை போட்டுக்கொண்டு ஷிப்டுக்குப் போய், வாரச் சம்பளம் வாங்கி வரும் ஒருவனை எந்தத் தொடரிலாவது கண்டதுண்டா? அப்படி ஒருவனை எழுதுங்கள். புகைபிடிக்கும் காட்சியில் எச்சரிக்கை வரி ஓடுகிறதே, அதுபோல மனநோயாளி வரும் காட்சியில் 14416 என்ற எண்ணை ஓட்டுங்கள். 2022 முதல் அரசு நடத்தும் இலவச மனநல உதவி எண் அது, தமிழிலும் பேசலாம். அதை ஓட்ட எத்தனை விநாடி பிடிக்கும்?