மண் பறக்கும் வார இறுதி

1999 முதல் 2017 வரை செப்பாங்கில் ஃபார்முலா 1 பார்த்தவர்களுக்கு, கார் பந்தயம் என்றால் வழவழப்பான தார்ச் சாலைதான் நினைவுக்கு வரும். அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில் உள்ள நோக்ஸ்வில் ஊரில் கதையே வேறு. 8,000 பேர்கூட வசிக்காத அந்தச் சிற்றூரில், ஆகஸ்டு வந்தால் பல்லாயிரம் ரசிகர்கள் திரள்வார்கள். 1961-இல் தொடங்கிய நோக்ஸ்வில் நேஷனல்ஸ் பந்தயம்தான் காரணம். ஓடுதளம், அரை மைல் களிமண் வட்டம்.

ஓடுபவை ஸ்பிரிண்ட் கார்கள். ஓட்டுநரோடு சேர்த்து எடை ஏறத்தாழ 635 கிலோ. இன்ஜினோ சுமார் 900 குதிரைத்திறன். தலைக்கு மேல் பெரிய இறக்கை. ஸ்டார்ட்டர் கிடையாது; பின்னாலிருந்து இன்னொரு வண்டி தள்ளினால்தான் கிளம்பும். வளைவில் முன்சக்கரங்கள் வலப்பக்கம் திரும்பியிருக்க, கார் சறுக்கியபடியே இடப்பக்கம் வளையும்.

ரசிகர்களுக்குக் கவலை இரண்டு: வெயில், மழை. மண் காய்ந்தால் புழுதி கிளம்பும், பிடிமானம் போகும். அதனால் தண்ணீர் தெளித்து, உருளை ஓட்டிப் பதம் பார்ப்பார்கள். மழை கொட்டினாலோ, டயரை மாற்றிக்கொண்டு ஓட வழியில்லை, பந்தயம் நின்றுவிடும். விடுப்பு எடுத்து, நெடுந்தூரம் வந்தவர்கள் வானத்தைப் பார்த்தே காத்திருக்க வேண்டும்.

இங்கே ஸ்டீவ் கின்சர் 12 முறையும் டானி ஷாட்ஸ் 11 முறையும் வென்றிருக்கிறார்கள். ஆனால், பருவம் முழுவதும் சனிக்கிழமை இரவுகளில் இதே மண்ணில் ஓட்டிப் பழகிய உள்ளூர்க்காரர்களும் நேஷனல்ஸில் இறங்குகிறார்கள். நம்ம ஊர்ப் பிள்ளை இறுதிப் போட்டிக்குள் நுழைவானா? ஊரே மைதானத்துக்குப் போவது இந்தக் கேள்வியோடுதான்.