ஐம்பதில் வளையாதா?

“ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?” என்னும் பழமொழியைப் போல் நம்மவரால் தவறாகக் கையாளப்படும் பழமொழி வேறொன்று இருக்குமா என்பது ஐயமே. கெட்ட பழக்கம் வேரூன்றுமுன் பிள்ளைகளைத் திருத்துங்கள் என்று பெற்றோரை எச்சரிக்கப் பிறந்த சொல் அது. நம் வீடுகளிலோ, நாற்பத்தைந்து வயதில் ஒருவர் புத்தகத்தைக் கையில் எடுத்தால், அவரை மீண்டும் நாற்காலியில் உட்கார வைக்கும் தடியாக அது பயன்படுகிறது.

அந்தத் தடி மிகவும் வேகமாகச் சுழல்வது சட்டக் கல்லூரி என்ற சொல்லைக் கேட்கும்போதுதான். நாற்பது கடந்தவர் யோகாசனம் பழகினால் நல்லது என்கிறோம். கணினி கற்றால் பாராட்டுகிறோம். மூன்றாண்டுச் சட்டப்படிப்பில் சேரப்போகிறேன் என்று அவர் சொல்லட்டும், சிரிப்பு எழுகிறது. “மகளுக்கு வரன் பார்க்கிற நேரத்தில் அம்மாவுக்குக் கல்லூரியா?” என்று உறவினர் கேட்கின்றனர். “பென்ஷனை வாங்கிக்கொண்டு பேரனைப் பள்ளிக்கு அழைத்துப் போகாமல் இவருக்குக் கறுப்புக் கோட்டு எதற்கு?” என்று அண்டை அயலார் கேட்கின்றனர். பங்குப் பணியில் பலமுறை என் காதில் விழுந்த கேள்விகள் இவை. பக்தி மிக்க, படித்த, நல்ல குடும்பங்களிலிருந்து வந்தவை.

இக்கட்டுரை அந்தச் சிரிப்புக்கு எதிரானது. வாழ்ந்து பார்த்தவர்கள் சட்டம் படிக்க வருவது சமுதாயத்துக்கு ஆதாயம் என்றும், அவர்களை மறிக்கும் விதியும் ஏளனமும் நீதிக்கே இழப்பு என்றும் நான் வாதிடுகிறேன்.

கதவும் தாழ்ப்பாளும்

1961ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டத்தின் 24ஆம் பிரிவு, வழக்கறிஞராகப் பதிவு செய்ய விரும்புவோர் இருபத்தொரு வயது நிறைந்தவராக இருக்க வேண்டும் என்கிறது. கீழ் எல்லையை வகுத்த நாடாளுமன்றம் மேல் எல்லை எதையும் வகுக்கவில்லை. தாழ்ப்பாள் பிறகு வந்தது. நாற்பத்தைந்து வயது நிறைந்தவர்களை வழக்கறிஞராகப் பதிவு செய்யலாகாது என்று இந்திய வழக்கறிஞர் கழகம் 1993இல் ஒரு விதி செய்தது. பணி ஓய்வு பெற்றவர்கள் பழைய செல்வாக்கோடு நீதிமன்றத்துக்குள் நுழைகிறார்கள், தொழிலின் மாண்பு குறைகிறது என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம்.

1995 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அவ்விதியைச் செல்லாதென்று தள்ளியது. அவ்விதிக்குள் இருந்த முரண் சிந்திக்கத்தக்கது. இருபத்தைந்து வயதில் பெயரைப் பதிந்துவிட்டு, இருபது ஆண்டுகள் வேறு உத்தியோகம் பார்த்துவிட்டு, ஐம்பதில் திரும்பி வருபவருக்குத் தடையில்லை. ஐம்பதில் முதன்முறையாக வருபவருக்கு மட்டுமே தடை. செல்வாக்குதான் அச்சம் என்றால், இருவருக்கும் அது பொதுவன்றோ? சட்டத்தின் முன் அனைவரும் சமம் என்னும் அரசியல் சாசனத்தின் 14ஆம் பிரிவுக்கு முன்னால் அந்த விதியால் நிற்க இயலவில்லை.

ஆயினும் தாழ்ப்பாள் வேறு கதவுக்கு மாறியது. 2008ஆம் ஆண்டின் சட்டக்கல்வி விதிகள், ஐந்தாண்டுப் படிப்பில் சேர இருபது வயது என்றும், மூன்றாண்டுப் படிப்பில் சேர முப்பது வயது என்றும் வரம்பு கட்டின. தாழ்த்தப்பட்ட, பிற்படுத்தப்பட்ட மக்களுக்குச் சில ஆண்டுச் சலுகை மட்டும் உண்டு. 2013இல் அவ்வரம்பு விலக்கப்பட்டது. 2016இல் மீண்டும் கொண்டுவரப்பட்டது. 2017 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. முப்பத்தோராம் வயதில் ஒரு மனிதனின் மூளையில் என்ன நிகழ்ந்துவிடுகிறது என்பதை இந்த வரம்பைக் கட்டியவர்கள்தாம் நமக்கு விளக்க வேண்டும்.

தாமதம் யார் குற்றம்?

தாமதமாக வருபவரைப் பார்த்து, “இத்தனை காலம் எங்கே போயிருந்தீர்?” என்று கேட்பது எளிது. ஆனால் அக்கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர் பெரும்பாலும் அவரல்லர்.

கொர்னேலியா சொராப்ஜி அம்மையாரை எண்ணிப் பாருங்கள். 1866இல் பிறந்த அவர், 1892இல் ஆக்ஸ்போர்டில் சட்டத் தேர்வு எழுதினார். பெண்களும் இந்நாட்டில் வழக்கறிஞர் தொழில் செய்யலாம் என்று சட்டம் வந்தது 1923இல். இருபத்தைந்து வயதில் கற்ற கல்விக்கு ஐம்பது வயது கடந்த பின்னும் வாசலில் காத்திருந்தார் அவர். கதவை அடைத்து வைத்தவர்கள், திறந்த பிறகு உள்ளே வருபவரின் நரையைப் பார்த்து நகைப்பது எந்த அறத்தில் சேரும்?

அம்பேத்கர் லண்டனில் சட்டமும் பொருளியலும் படித்துக்கொண்டிருந்தவர். பரோடா அரசின் உதவித்தொகை முடிந்ததால் 1917இல் படிப்பை நடுவில் விட்டுத் தாயகம் திரும்பினார். ஆசிரியப் பணி செய்து பணம் சேர்த்து, 1920இல் மறுபடி கப்பலேறி, பாரிஸ்டராகி, பம்பாயில் தொழில் தொடங்கியபோது அவருக்கு முப்பத்திரண்டு வயது. தமிழ்நாட்டின் சட்டப் பல்கலைக்கழகம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அந்தப் பெயர்ப்பலகையின் கீழ் நின்றுகொண்டு, படிப்பு தடைப்பட்டுத் திரும்பி வருபவரை ஏளனம் செய்ய நமக்கு வாய் வரலாமா?

நம் பங்குகளிலும் இதே கதைதான். தம்பி தங்கைகளைக் கரையேற்றுவதற்காகப் பட்டப்படிப்போடு நின்று மில்லில் கணக்கெழுதப் போன அண்ணன்மார் எத்தனை பேர்! திருமணப் பேச்சு வந்ததும் மேற்படிப்பைக் கைவிட்ட பெண்மக்கள் எத்தனை பேர்! அவர்கள் தியாகத்தின் பயனை உண்டு வளர்ந்தவர்களே இன்று அவர்களுடைய வயதை எண்ணுகிறார்கள்.

வாழ்க்கை எழுதிய முகவுரை

சட்டம் விந்தையான ஒரு கல்வி. கணிதத்தில் இளமைக்குக் கூர்மை அதிகம் என்பர். விளையாட்டில் சொல்லவே வேண்டாம். சட்டத்திலோ பாடநூலின் ஒவ்வொரு சொல்லும் வாழ்க்கையிலிருந்து எடுக்கப்பட்டது. உடைமை, அனுபோகம், ஜாமீன், ஜீவனாம்சம், பாகப்பிரிவினை ஆகியவை பதினெட்டு வயது மாணவனுக்கு மனப்பாடம் செய்ய வேண்டிய இலக்கணங்கள். மைத்துனரின் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டு, வங்கியின் நோட்டீஸைக் கையில் வாங்கியவருக்கு அப்படியன்று. ஜாமீன்தாரரின் பொறுப்பு கடனாளியின் பொறுப்புக்கு ஒப்பானது என்று 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் 128ஆம் பிரிவில் சொல்வதை அவர் ஒருமுறை வாசித்தால் போதும், ஆயுளுக்கும் மறவார். கணவர் இறந்தபின் வாரிசுச் சான்றிதழுக்காகத் தாலுகா அலுவலகத்தில் ஏழெட்டு முறை நடந்த பெண்ணுக்கு, அலுவலகத்தின் மௌனம் ஓர் ஏழைக்கு என்ன விலை என்பதை எந்தப் பேராசிரியரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

‘முதியவரின் மூளை துருப்பிடித்திருக்கும், புதிய சட்டங்கள் ஏறா’ என்பாரும் உளர். அவர்களுக்கு 2024 ஜூலை முதல் நாளை நினைவூட்டுகிறேன். 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டமும், அதனோடு குற்றவியல் நடைமுறைச் சட்டமும், சாட்சியச் சட்டமும் அன்று விலகின. புதிய மூன்று சட்டங்கள் நடைமுறைக்கு வந்தன. 511 பிரிவுகள் இருந்த இடத்தில் 358 பிரிவுகள், புதிய எண்களோடு. நாற்பது ஆண்டுகள் கறுப்பு அங்கி அணிந்த மூத்த வழக்கறிஞர்களும், அவர்களுக்குத் தீர்ப்பு வழங்கும் நீதிபதிகளும் அன்று மீண்டும் மாணவராகப் புத்தகத்தைப் பிரித்தனர். அவர்களால் இயன்றது என்றால், அதே வயதில் புதிதாக வருபவரால் மட்டும் ஏன் இயலாது?

நம் திருச்சபைக்கும் இது புதிய செய்தியன்று. போர்வீரராயிருந்து காலில் காயம்பட்ட லொயோலா இஞ்ஞாசியார், 1524இல் பார்சலோனா நகரில் சிறுவர்களோடு அமர்ந்து இலத்தீன் இலக்கணம் கற்கத் தொடங்கியபோது அவருக்கு வயது முப்பத்து மூன்று. 1528இல் பாரிஸ் பல்கலைக்கழகத்துக்கு வந்தபோது முப்பத்தேழு. அந்தப் பெஞ்சில் அமர அவர் நாணியிருந்தால், உலகெங்கும் இயேசு சபையார் நடத்தும் கல்லூரிகள் எங்கிருந்து வந்திருக்கும்?

எதிர்வாதங்கள்

இளைஞரின் இடத்தை முதியவர் பறிக்கிறார் என்பது ஒரு வாதம். இடம் மதிப்பெண் தரவரிசையில் கிடைக்கிறது. தரவரிசையில் முந்தியவர் எவ்வயதினராயினும் பறித்தவர் ஆகார்.

படித்து முடிக்கும்போது ஐம்பதாகிவிடும், பிறகு என்ன பயன் என்பது மற்றொரு வாதம். வழக்கறிஞருக்கு ஓய்வு வயது கிடையாது. உயர் நீதிமன்ற நீதிபதி அறுபத்திரண்டில் ஓய்வு பெறுகிறார். அவர் முன் வாதாடும் வழக்கறிஞர் எழுபதிலும் வாதாடுகிறார். ஐம்பதில் தொடங்குபவருக்கு இருபது ஆண்டுகள் மீதமிருக்கக்கூடும். ஊதியத்துக்காக ஓட வேண்டிய கட்டாயமில்லாத இருபது ஆண்டுகள்! 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தின்படி பெண்களுக்கும், குழந்தைகளுக்கும், தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கும் வருமானத்தைப் பாராமல் இலவசச் சட்ட உதவி உண்டு. உரிமை ஏட்டில் இருக்கிறது. ஏட்டில் உள்ளதை ஏழையின் வீட்டுக்குக் கொண்டு சேர்க்கப் பொறுமையுள்ள மனிதர்கள் வேண்டும். மக்கள் நீதிமன்றத்தில் அண்ணன் தம்பியை ஒரே மேசைக்கு இருபுறமும் உட்கார வைத்துப் பேச, சட்ட அறிவோடு நரைத்த தலையும் உதவும்.

பட்டத்தைப் பெயர்ப்பலகைக்காகவே சிலர் வாங்குகிறார்கள் என்பது மூன்றாவது வாதம். இதில் உண்மை உண்டு, மறைக்க வேண்டியதில்லை. வகுப்புக்கே போகாமல் வெளிமாநிலக் கல்லூரிகளில் பட்டம் பெற்றுவரும் வழக்கம் பற்றிய புகார் நெடுநாளாக இருந்து வருகிறது. அப்படிச் செய்பவர் தம்மை நம்பி வக்காலத்தில் கையெழுத்திடும் ஏழையை ஏமாற்றுகிறார். இது பாவமே, அவருக்கு வயது சலுகை தராது. ஆனால் இக்குற்றம் இளைஞரிடமும் உண்டு. குற்றத்துக்குத் தண்டனை கொடுங்கள். பிறந்த ஆண்டுக்குக் கொடுக்காதீர்கள்.

உண்மையான தடை வேறிடத்தில் இருக்கிறது. ஒவ்வொரு பாடத்திலும் நூற்றுக்கு எழுபது வருகை வேண்டும் என்கிறது 2008ஆம் ஆண்டு விதி. அது நியாயமே. வகுப்புகள் காலை எட்டு மணிக்கும் மாலை ஏழு மணிக்கும் இடையே நடக்க வேண்டும் என்றும் சொல்கிறது. பழைய மாலைக் கல்லூரிகள் அதனால் வழக்கொழிந்தன. வேலை பார்த்துக் குடும்பம் காப்பவர் இந்நேரத்தில் எப்படி வருவார்? வேலையை விட வேண்டும், அல்லது ஆசையை விட வேண்டும். ஏட்டில் வயது வரம்பு இல்லாவிடினும் கடிகாரம் அந்த வரம்பை வகுத்துவிடுகிறது. வருகை விதியைத் தளர்த்துமாறு நான் கேட்கவில்லை. அனுமதித்த நேரத்துக்குள்ளேயே காலைப் பிரிவு, பிற்பகல் பிரிவு என்று கல்லூரிகள் வகுப்புகளைத் தொகுக்கலாம். முறைமாற்றி வேலை செய்வோராவது வந்து கற்க முடியும். பகுதிநேரப் பட்டம் தரம் குறைந்தது என்று சொல்லிக் கதவை மூடிய அதிகாரிகள், தரமான வழியொன்றைத் திறந்துகாட்டும் கடமையிலிருந்து தப்ப முடியாது.

சேர விரும்புவோருக்கு

சேர எண்ணுகின்ற அன்பர்களே, உங்களுக்கும் சில சொற்கள். உங்கள் அண்ணனோடுள்ள நிலத்தகராற்றை வெல்வதற்காகச் சட்டம் படிக்காதீர்கள். தன் காயத்தை மட்டுமே பார்ப்பவனுக்குப் பிறர் வழக்கு புரியாது. நீதித்துறைப் பதவித் தேர்வுகளுக்கு வயது வரம்பு உண்டு என்பதை முதலிலேயே அறிந்துகொள்ளுங்கள். படிப்பு முடிந்ததும் அகில இந்திய வழக்கறிஞர் தேர்வில் தேற வேண்டும். பிறகு முப்பத்தைந்து வயதுச் சீனியரின் கட்டுகளைச் சுமந்து, வாய்தா கேட்டு நிற்க வேண்டியிருக்கும். குமாஸ்தாவிடமும் கற்றுக்கொள்ளும் பணிவு இல்லாதவர் இத்தொழிலுக்கு வர வேண்டாம். பதிவுக் கட்டணத்தை எண்ணி மலைக்க வேண்டியதில்லை. வழக்கறிஞர் சட்டம் குறித்த 750 ரூபாய்க்கு மேல், தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களிடம் 125 ரூபாய்க்கு மேல் வாங்கலாகாது என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது.

குடும்பத்தாருக்குச் சொல்ல ஒன்றுண்டு. உங்கள் தாய் தேர்வுக்குப் படிக்கும் மாதத்தில் அடுப்படியை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். அவர் உங்கள் தேர்வுகளுக்கு அப்படித்தான் செய்தார். பங்குகளுக்கும் ஒரு வேண்டுகோள்: மாலையில் பூட்டிக்கிடக்கும் மறைக்கல்வி அறையில் ஒரு மேசையும் விளக்கும் போட்டுத் திறந்து வையுங்கள். வீட்டில் அமைதியில்லாத மாணவர் எவ்வயதினராயினும் அங்கு வந்து படிக்கட்டும்.

திராட்சைத் தோட்டத்துக்குப் பதினோராம் மணி வேளையில் வந்தவர்களை ஆண்டவரின் உவமை நமக்குக் காட்டுகிறது. ஏன் நாள் முழுவதும் சும்மா நின்றீர்கள் என்று கேட்கப்பட்டபோது, எங்களை யாரும் வேலைக்கு அழைக்கவில்லை என்பதே அவர்களின் மறுமொழி. தோட்டக்காரர் அவர்களைப் பார்த்துச் சிரிக்கவில்லை, உள்ளே அனுப்பினார். முணுமுணுத்தவர்கள் காலையிலேயே வந்தவர்கள்தாம். நாம் எந்தப் பக்கத்தில் நிற்கிறோம் என்பதை, அடுத்த சட்டக் கல்லூரி விண்ணப்பம் நம் வீட்டு மேசைக்கு வரும்போது தெரிந்துகொள்வோம்.