மெஷின் முதலிலா, மானியம் முதலிலா?

கேள்வி - பதில்

''வள்ளூர் பக்கம் எங்களுக்கு 2 ஏக்கர் நஞ்சையும், ரோட்டோரமாக 30 சென்ட் புஞ்சையும் இருக்கின்றன. அந்த 30 சென்ட்டில் ஷெட் போட்டு, மரச்செக்கும் மாவு மில்லும் வைக்க ஆசை. 12 லட்சம் ரூபாய் செலவாகும் என்கிறார்கள். நான் பத்தாம் வகுப்பு வரை படித்திருக்கிறேன். '35 சதவிகித மானியம் வாங்கித் தருகிறேன். 40,000 ரூபாய் முன்பணம் கொடுத்துவிட்டு, மெஷினை உடனே புக் செய்துவிடுங்கள்' என்கிறார் ஒருவர். நகையை அடகு வைத்துக் கொடுக்கலாமா?''

- வாசகி ஒருவர், மீஞ்சூர் ஒன்றியம்.

''நகையைப் பீரோவிலேயே வையுங்கள். அவர் சொல்லும் 35 சதவிகித மானியம் உண்மையிலேயே இருக்கிறது. ஆனால், அதை வாங்க இடைத்தரகர் தேவையில்லை. அவர் சொல்கிறபடி மெஷினை முன்கூட்டியே வாங்கி ஓட்டத் தொடங்கினால், அந்த மானியமே கைநழுவிப் போகலாம்.

பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம் (பி.எம்.இ.ஜி.பி) புதிதாகத் தொடங்கும் தொழிலுக்கு மட்டும்தான். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் தொழிலை 'புதிது' என்று காட்ட முடியாது. எனவே விண்ணப்பம், வங்கி ஒப்புதல், தொழில்முனைவோர் பயிற்சி, அதன் பிறகே மெஷின். இந்த வரிசை முக்கியம்.

இந்தத் திட்டத்தில் உற்பத்தித் தொழிலுக்கு 50 லட்சம் ரூபாய் வரை திட்ட மதிப்பீடு போடலாம். 10 லட்சத்துக்கு மேல் போனால் எட்டாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும். 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். கணவன், மனைவி இருவரில் ஒருவருக்குத்தான் கிடைக்கும். கிராமப்புறத்தில் பொதுப் பிரிவு ஆண்களுக்கு 25 சதவிகிதம் மானியம். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், சிறுபான்மையினர், முன்னாள் ராணுவத்தினர், மாற்றுத் திறனாளிகளுக்கு 35 சதவிகிதம். நிலத்தின் விலையைத் திட்டச் செலவில் சேர்க்க முடியாது.

உங்கள் 12 லட்சத்துக்குக் கணக்குப் போடுவோம். பெண் என்பதால் உங்கள் கைப்பணம் 5 சதவிகிதம், அதாவது 60,000 ரூபாய். மீதி 11,40,000 ரூபாய் வங்கிக் கடன். மானியம் 4,20,000 ரூபாய். இது உங்கள் கைக்கு வராது. உங்கள் பெயரில் வங்கியிலேயே 3 ஆண்டுகள் வைப்பாக இருக்கும். அதற்கு வட்டி தர மாட்டார்கள், கடனில் அந்த அளவு தொகைக்கு வட்டி வாங்கவும் மாட்டார்கள். 3 ஆண்டுகள் கழித்து, தொழில் நடக்கிறதா என்று நேரில் வந்து பார்த்த பிறகே கடனில் கழிப்பார்கள். இடையில் ஷட்டரை இழுத்து மூடிவிட்டால் மானியம் திரும்பப் போய்விடும்.

ஆக, நீங்கள் வட்டியோடு கட்ட வேண்டிய பாரம் 7,20,000 ரூபாய். வட்டி 11 சதவிகிதம், தவணை 60 மாதம் என்று வைத்துக்கொண்டால், மாதம் சுமார் 15,650 ரூபாய். கரன்ட் பில், கூலி, நிலக்கடலை கொள்முதல் எல்லாம் போக மாதாமாதம் இந்தத் தொகை நிற்குமா என்று முதலில் பாருங்கள். நிற்காது என்றால், 12 லட்சத்தை 6 லட்சமாகக் குறைத்து மாவு மில்லை மட்டும் தொடங்குங்கள். செக்கை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். மானியம் பெரிதாக வரும் என்பதற்காகக் கடனைப் பெரிதாக்கக் கூடாது.

வங்கியில் அடமானம் கேட்டால்? குறிப்பிட்ட வரம்பு வரையிலான குறு, சிறு தொழில் கடனுக்கு அடமானம் கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. அதற்கு மேல் உள்ள கடனுக்கும் அரசின் கடன் உத்தரவாத நிதியின் கீழ் பாதுகாப்புக் கேட்கலாம். 2 ஏக்கர் நஞ்சைப் பத்திரத்தை அவசரப்பட்டு நீட்டிவிடாதீர்கள்.

விண்ணப்பத்துக்கு மாவட்டத் தொழில் மையத்தை அணுகுங்கள். திருவள்ளூர் மாவட்டத்துக்கு அது காக்களூர் தொழிற்பேட்டையில் இருக்கிறது. ஆன்லைனில் நீங்களே விண்ணப்பிக்கலாம், கட்டணம் இல்லை. உத்யம் பதிவும் முழுக்க இலவசம். ஆதார் எண்ணும் பான் எண்ணும் போதும். பணம் கேட்கும் இணையதளம் எதுவும் அரசு தளம் அல்ல. நிதியாண்டுக்கு இத்தனை பேர் என்று இலக்கு வைத்துத்தான் கொடுப்பார்கள் என்பதால், இந்த ஆண்டு இலக்கில் இடம் இருக்கிறதா என்பதையும் அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி அனுமதிகள். ஷெட்டுக்குக் கடைக்கால் தோண்டும் முன்பே இவற்றைப் பார்த்துவிட வேண்டும்.

நிலம்: சர்வே எண்ணை எடுத்துக்கொண்டு போய், அந்த இடம் எந்த வகைப்பாட்டில் இருக்கிறது என்று கேளுங்கள். சென்னைப் பெருநகர எல்லை 2022-ம் ஆண்டு 5,904 சதுர கிலோமீட்டராக விரிவாக்கப்பட்டதில் திருவள்ளூர் மாவட்டத்தின் பெரும்பகுதி உள்ளே வந்துவிட்டது. எனவே சி.எம்.டி.ஏ-வா, நகர் ஊரமைப்பு இயக்ககமா என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். புஞ்சையைத் தேர்வு செய்தது நல்லது. நஞ்சை என்றால் மாவட்ட ஆட்சியர் ஒப்புதல் வரை போக வேண்டியிருக்கும். கொசஸ்தலை ஆறு, எண்ணூர் கழிமுகம், பழவேற்காடு ஏரி ஓரமாக இருந்தால் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல வரைபடத்தையும் பார்த்தாக வேண்டும். பட்டா இருந்தாலும் அந்த விதி பொருந்தும்.

ஊராட்சி: மின்சக்தியில் ஓடும் இயந்திரம் நிறுவுவதற்கு உள்ளாட்சி அனுமதி வேண்டும். ஊராட்சியிலும், வட்டார வளர்ச்சி அலுவலகத்திலும் எழுத்து மூலம் விண்ணப்பித்து, ரசீது வாங்கி வையுங்கள்.

மின்சாரம்: பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான். கிணற்று மோட்டாருக்குக் கொடுத்த இலவச மின்சாரத்தில் செக்கு ஓட்டக் கூடாது. பிடிபட்டால், மின்சாரச் சட்டம் 2003-ன்படி உரிய கட்டணத்தைப் போல 2 மடங்கு கணக்கிட்டு வசூலிப்பார்கள். தனி இணைப்பு வாங்குங்கள். குறுந்தொழில் உற்பத்தி நிறுவனங்களுக்கு முதல் 36 மாதங்களுக்கு மின்கட்டணத்தில் 20 சதவிகிதத்தைத் தமிழக அரசு மானியமாகத் திருப்பித் தருகிறது. இதற்கும் மாவட்டத் தொழில் மையத்தில்தான் விண்ணப்பம்.

மாசுக் கட்டுப்பாடு: மாவு மில், செக்கு எல்லாம் மாசு குறைந்த பிரிவுகளில் வருபவை. வெள்ளைப் பிரிவுக்கு இசைவாணையே தேவையில்லை. பச்சைப் பிரிவு என்றால் நிறுவுவதற்கு ஒன்று, இயக்குவதற்கு ஒன்று என 2 இசைவாணைகள். உங்கள் இயந்திரம் எந்தப் பிரிவு என்பதைக் கும்மிடிப்பூண்டியில் உள்ள வாரிய அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

உணவுப் பாதுகாப்பு: சிறிய அளவுக்குப் பதிவு போதும், ஆண்டுக் கட்டணம் 100 ரூபாய்தான். குறிப்பிட்ட எல்லையைத் தாண்டினால் உரிமம் வேண்டும். அந்த எல்லை மொத்த விற்பனையை வைத்து, லாபத்தை வைத்து அல்ல. எண்ணெயைத் தகர டின்னிலிருந்து அளந்து ஊற்றி விற்பதற்குத் தடை இருக்கிறது. பாட்டிலில் அடைத்து, எடை, தேதி, விலை, முகவரி, பதிவு எண்ணோடு லேபிள் ஒட்டித்தான் விற்க வேண்டும். மீஞ்சூர் சுற்றுவட்டாரத்தில் நிலத்தடியில் கடல்நீர் ஏறியிருப்பது உங்களுக்கே தெரியும். பாத்திரம் கழுவும் தண்ணீரையும் ஒருமுறை பரிசோதித்துவிடுங்கள்.

இவ்வளவையும் தனித்தனியாக அலைய வேண்டியதில்லை. தமிழ்நாடு தொழில் எளிதாக்கல் சட்டத்தின்படி ஒற்றைச் சாளர இணையதளம் இருக்கிறது. தாமதமானால், ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் குழுவில் மாவட்டத் தொழில் மையம் மூலம் முறையிடலாம்.''

''போன வருஷமே சொந்தக் காசில் செக்கு வாங்கி ஓட்டுகிறேன். எனக்கு மானியமே கிடையாதா?''

- வாசகர், ஊத்துக்கோட்டை வட்டம்.

''வாங்கிய மெஷினுக்குக் கிடைக்காது. ஆனால், விரிவாக்கத்துக்கு வழி இருக்கிறது. பிரதமரின் குறு உணவு பதப்படுத்தும் நிறுவனங்களை முறைப்படுத்தும் திட்டம் 2020-ம் ஆண்டு தொடங்கப்பட்டது. ஏற்கெனவே நடக்கும் உணவுத் தொழிலுக்கும் பொருந்தும். எண்ணெய் வடிகட்டும் கருவி, பாட்டில் நிரப்பும் இயந்திரம் போன்றவற்றுக்கு, எந்தப் பிரிவினராக இருந்தாலும் 35 சதவிகிதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் மானியம். கைப்பணம் குறைந்தது 10 சதவிகிதம். இதுவும் வங்கிக் கடனோடு சேர்ந்ததுதான். கடன் ஒப்புதலுக்கு முன்னால் ரொக்கம் கொடுத்து வாங்கிவிடாதீர்கள்.''

''தேர்வாய் கண்டிகையிலும் கும்மிடிப்பூண்டியிலும் உள்ள பெரிய கம்பெனிகளுக்கு அள்ளிக் கொடுக்கிறார்கள். எங்களைப் போன்றவர்களுக்கு என்ன பயன்?''

- வாசகர், கும்மிடிப்பூண்டி.

''அவர்களுக்கான சலுகை கோடிக்கணக்கான முதலீட்டுக்கும் வேலைவாய்ப்புக்கும் கட்டுப்பட்டது. சிப்காட் மனை 99 ஆண்டு குத்தகைக்குக் கிடைக்கிறது. மாநிலத்தின் 2021-ம் ஆண்டுத் தொழில் கொள்கையில் திருவள்ளூர் 'ஏ' பிரிவு மாவட்டம். ஏற்கெனவே தொழில் வளர்ந்த இடம் என்பதால், தென் மாவட்டங்களைவிட இங்கே சலுகை குறைவுதான்.

உங்களுக்குப் பயன் வேறு விதத்தில் வரும். அந்தக் கம்பெனிகளின் கேன்டீன்களுக்கு எண்ணெயும் மாவும் தினமும் தேவை. உத்யம் பதிவு செய்த குறு, சிறு உற்பத்தியாளரிடம் சரக்கு வாங்கினால் அதிகபட்சம் 45 நாள்களுக்குள் பணம் கொடுத்தாக வேண்டும் என்கிறது 2006-ம் ஆண்டுச் சட்டம். தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல 3 மடங்கு கூட்டு வட்டி. பணம் நின்றுபோனால் தொழில் வணிக ஆணையரகத்தின் கீழ் உள்ள வசதியாக்கக் குழுவில் வழக்குப் போடலாம். ஆனால், வாங்கி விற்கும் வியாபாரிக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. எனவே உத்யம் பதிவில் 'உற்பத்தி' என்று இருக்க வேண்டும். சரக்கு அனுப்பும் ஒவ்வொரு முறையும் பில்லில் உத்யம் எண்ணை அச்சிட்டு, கையெழுத்து வாங்கிவிடுங்கள்.''

தொழில் தொடங்குவது பற்றிக் கேள்வி அனுப்பும் வாசகர்கள் நிலம் நஞ்சையா புஞ்சையா, எந்த ஒன்றியம், கையில் எவ்வளவு பணம் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். ஆதார், வங்கிக் கணக்கு எண்களை அனுப்ப வேண்டாம்.