மூன்றாவது கோடு

ஒரு தளத்தில் இணையல்லாத இரண்டு கோடுகள் ஒரு புள்ளியில் வெட்டிக்கொள்வதில் வியப்பு ஏதுமில்லை. மூன்றாவது கோடும் அதே புள்ளி வழியே போகிறது என்றால்தான் காரணம் சொல்லியாக வேண்டும். ஒன்பதாம் வகுப்புச் செய்முறை வடிவியலில் நடுக்கோட்டு மையம், செங்கோட்டு மையம், சுற்றுவட்ட மையம், உள்வட்ட மையம் நான்கையும் வரையக் கற்றுத்தருகிறோம். காரணம் கேட்பதைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறோம். மூன்று கோடுகளுக்கு நடுவே சிறு முக்கோணம் ஒன்று விழுந்தால், மாணவர் அழித்துவிட்டு அளவுகோலைச் சற்று நகர்த்தி மூன்றாவது கோட்டைப் புள்ளிக்குள் இழுத்துவிடுகிறார். நாமும் முழு மதிப்பெண் போடுகிறோம். அந்த இடைவெளி கைப்பிழையா, கோடுகளின் இயல்பா என்ற கேள்வி எழாமலே போய்விடுகிறது.

படத்தைப் பார்த்து இதற்கு விடை சொல்ல முடியாது. பக்கம் 10 செ.மீ. உள்ள சமபக்க முக்கோணத்தில் இரண்டு பக்கங்களுக்கு நடுப்புள்ளியையும், மூன்றாவது பக்கத்தில் 5.05, 4.95 செ.மீ. எனப் பிரிக்கும் புள்ளியையும் எடுத்து, எதிர் உச்சிகளோடு இணைத்துப் பாருங்கள். மூன்றாவது கோடு மற்ற இரண்டும் வெட்டும் புள்ளியிலிருந்து ஏறத்தாழ 0.3 மி.மீ. விலகிப் போகும். பென்சில் கோட்டின் தடிமனே அதை மறைத்துவிடும். ஆனால் சீவாவின் தேற்றத்தில் இட்டால் விகிதங்களின் பெருக்கற்பலன் 1.02 என வருகிறது. 1 வந்தால்தான் சந்திப்பு. இத்தாலியரான ஜியோவன்னி சீவா 1678இல் வெளியிட்ட இத்தேற்றத்தை, ஏறத்தாழ ஆறு நூற்றாண்டுகளுக்கு முன்பே சரகோசா மன்னர் அல்-முஃதமன் நிறுவியிருந்தார். ஜியோஜிப்ராவில் உச்சியை எங்கே இழுத்தாலும் கோடுகள் பிரிவதில்லையே, அது போதாதா என்று சிலர் கேட்கலாம். ஊகத்தை எழுப்ப அதைவிட நல்ல கருவி இல்லை; வகுப்பில் தாராளமாகப் பயன்படுத்துவோம். ஆனால் ஏன் பிரிவதில்லை என்பதை அது சொல்லாது.

பாடத்தை முடிக்கவே நேரமில்லை என்ற மறுப்பு நியாயமானது. ஆனால் இங்கு கேட்பது மூன்றே வரி. இரண்டு மையக்குத்துக்கோடுகள் வெட்டும் புள்ளி, ஒன்றின்படி A, B இரண்டுக்கும் சமதூரம். மற்றதன்படி B, C இரண்டுக்கும் சமதூரம். ஆகவே A, C இரண்டுக்கும் சமதூரம். மூன்றாவது கோடு அதன் வழியே போகாமல் இருக்க வழியில்லை. யூக்ளிட் நான்காம் நூலில் சுற்றுவட்டத்துக்கு இரண்டு மையக்குத்துக்கோடுகளையும், உள்வட்டத்துக்கு இரண்டு கோண இருசமவெட்டிகளையும் மட்டுமே வரைகிறார். நாமும் இரண்டோடு நிறுத்தி, மூன்றாவது எங்கே போகும், ஏன் என்று கேட்கலாம். குத்துக்கோடுகளுக்குச் சற்றுக் கூடுதல் முயற்சி வேண்டும்: ஒவ்வொரு உச்சி வழியாகவும் எதிர்ப்பக்கத்துக்கு இணைகோடு வரைந்தால் பெரிய முக்கோணம் ஒன்று கிடைக்கிறது, பழைய உச்சிகள் அதன் பக்கங்களின் நடுப்புள்ளிகள், பழைய குத்துக்கோடுகள் அதன் மையக்குத்துக்கோடுகள். முன்பு நிறுவியதே இதற்கும் போதும். விரிகோண முக்கோணத்தில் செங்கோட்டு மையம் வெளியே போய்விடும்போது மாணவர்கள் தடுமாறுவார்கள். அங்கும் இந்த வாதம் ஓர் எழுத்துகூட மாறாமல் பொருந்துகிறது.