ஹெர்ப்பீஸ் ஒரு நோய். நடத்தைச் சான்றிதழ் அன்று

சென்ற மழைக்காலத்தில், எழுபது வயதைக் கடந்த மூதாட்டி ஒருவர் எங்கள் தோல் மற்றும் பால்வினை நோய்ப் பிரிவுக்கு வந்தார். வலப்பக்க விலாவை ஒட்டி வரிசையாகக் கொப்புளங்கள். எரிச்சலால் இரண்டு இரவுகள் உறங்கவில்லை. ஊரில் அக்கி எழுதிவிட்டு வந்திருந்தார். காவிக் கோடுகள் இன்னும் அழியவில்லை. நாங்கள் மருந்துச் சீட்டில் ‘ஹெர்ப்பீஸ் சோஸ்டர்’ என்று எழுதிக் கொடுத்தோம். சற்று நேரத்தில், உடன் வந்திருந்த கல்லூரி மாணவரான பேரன் மட்டும் தனியே திரும்பி வந்தார். அந்தச் சொல்லைக் கைப்பேசியில் தேடிப் பார்த்திருக்கிறார். கதவைச் சாத்திவிட்டு, “எங்க ஆச்சிக்கு எப்படி டாக்டர் இந்த நோய் வரும்?” என்று கேட்டார்.

அவருக்குச் சொன்னதை இங்கும் சொல்லிவிடுகிறோம். ஹெர்ப்பீஸ் என்பது ஒரு வைரஸ் குடும்பத்தின் பெயர். அக்குடும்பத்தில் மனிதரைத் தாக்குபவை எட்டு. சின்னம்மையை உண்டாக்கும் வைரஸ் அவற்றுள் ஒன்று. சின்னம்மை வந்து போனபின் அந்த வைரஸ் நரம்பு முடிச்சுகளில் ஒடுங்கிக் கிடந்து, முதுமையிலோ எதிர்ப்பாற்றல் தளரும்போதோ அக்கியாக வெளிப்படுகிறது. அதற்கும் உடலுறவுக்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை. பேரன் கைப்பேசியில் படித்தது வேறொரு நோயைப் பற்றி: ஹெர்ப்பீஸ் சிம்ப்ளெக்ஸ் என்னும் வைரஸால் உதட்டிலும் பிறப்புறுப்பிலும் வரும் கொப்புள நோய் அது. பெயரின் முற்பாதி ஒன்றாக இருப்பதால் நேர்ந்த குழப்பம். (அக்கிக்கு மருந்தை முதல் மூன்று நாள்களுக்குள் தொடங்குவது நல்லது. காவி காயட்டும் என்று காத்திருப்போர் அந்த நாள்களை இழந்துவிடுகிறார்கள் என்பதையும் போகிற போக்கில் சொல்லி வைக்கிறோம்.)

நிம்மதியடைந்த அந்த இளைஞர் எழுந்து போகவில்லை. “எனக்குப் பரீட்சை சமயத்துல உதட்டு ஓரத்துல கொப்புளம் வரும் டாக்டர். அம்மா உடம்புச் சூடுன்னு சொல்வாங்க. அது என்ன?” என்றார். அதுதான் ஹெர்ப்பீஸ் சிம்ப்ளெக்ஸ். பாட்டிக்கு வந்துவிட்டதோ என்று அவர் நடுங்கிய நோய், பல ஆண்டுகளாக அவருடைய உதட்டிலேயே வந்து போய்க்கொண்டிருந்தது. உதட்டில் வந்தபோது அது சூடு. கைப்பேசியில் பெயர் தெரிந்தபின் அது அவமானம். எங்கள் பிரிவில் இந்த இரண்டுக்கும் நடுவில் சிக்கித் தவிக்கும் இளையோரை வாரந்தோறும் காண்கிறோம். அவர்களுக்காகவும், அவர்களைப் பெற்றவர்களுக்காகவும் இதை எழுதுகிறோம்.

ஹெர்ப்பீஸ் சிம்ப்ளெக்ஸில் இரு வகைகள் உண்டு. முதல் வகை பெரும்பாலும் வாயைச் சார்ந்தது. உலகில் 50 வயதுக்குட்பட்டோரில் ஏறக்குறைய 380 கோடிப் பேர், அதாவது நூற்றுக்கு 64 பேர், இதைச் சுமந்துகொண்டிருப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. இவர்களில் மிகப் பலருக்கு இது குழந்தைப் பருவத்திலேயே, கொஞ்சி முத்தமிட்ட ஓர் உறவினரிடமிருந்து வந்திருக்கும். இரண்டாம் வகை பெரும்பாலும் உடலுறவால் பரவிப் பிறப்புறுப்பைத் தாக்குவது. 15 முதல் 49 வயது வரையுள்ளோரில் சுமார் 52 கோடிப் பேரிடம் உள்ளது. வாய்வழி உறவின்போது முதல் வகையும் பிறப்புறுப்பைச் சேரும். ஆனால் அங்கே அது இரண்டாம் வகையைப் போல அடிக்கடித் திரும்ப வருவதில்லை.

பரவும் விதம் எளிது: தோலோடு தோல், ஈரப்படலத்தோடு ஈரப்படலம் உரசும்போது பரவுகிறது. கழிப்பறை இருக்கை, படுக்கை விரிப்பு, நீச்சல் குளம் ஆகியவற்றால் பிறப்புறுப்பு ஹெர்ப்பீஸ் வருவதில்லை. விடுதி அறைத் தோழனுடைய சோப்பைப் பற்றி அஞ்சி வருவோருக்கு இந்த உறுதியை அளிக்கிறோம். கொப்புளம் உடைந்து ஈரமாக இருக்கும் நாள்களில் தொற்று மிகுதி. ஆனால் பலரும் அறியாத செய்தி இதற்கு அடுத்தது. கொப்புளமே இல்லாத நாள்களிலும், தோல் பார்வைக்கு முற்றிலும் சரியாக இருக்கும்போதும், வைரஸ் சிறிதளவு வெளிப்பட்டுக்கொண்டிருக்கலாம். தொற்றுள்ளவர்களில் பெரும்பாலோர் தமக்கு நோய் இருப்பதையே அறிந்ததில்லை; ஒரு முறைகூடக் கொப்புளம் வராதவர்களும், வந்ததை வேர்க்குரு என்றோ உராய்வுப் புண் என்றோ எண்ணி மறந்தவர்களும் அவர்களுள் அடங்குவர். ஆகையால் பரப்புகிறவர் பெரும்பாலும் ஏமாற்றுகிறவர் அல்லர். அவருக்கே தெரியாது.

அறிகுறிகள் வெளிப்பட்டால், தொற்றிய 2 முதல் 12 நாள்களுக்குள் தோன்றும். முதல் முறை சற்றுக் கடுமையாகவே இருக்கும்: காய்ச்சல், உடல்வலி, தொடை இடுக்கில் நெறிகட்டுதல், கொத்தாகச் சிறு நீர்க்கொப்புளங்கள், அவை உடைந்து வலிமிகுந்த புண்கள், சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல். பெண்களில் சிலருக்கு வலியின் மிகுதியால் சிறுநீரே இறங்காமல் போகும். அவர்கள் சிறுநீர்த் தொற்று என்று நினைத்துப் பல நாள்கள் கடத்திவிட்டு வருவார்கள். இரண்டு முதல் நான்கு வாரங்களில் புண் ஆறிவிடும். பின்னர் வைரஸ் நரம்பு முடிச்சில் போய் ஒடுங்குகிறது. வாய்க்கு உரியது காதருகே மண்டையோட்டின் உட்பகுதியிலும், பிறப்புறுப்புக்கு உரியது இடுப்பின் பின்புறத்திலும். காய்ச்சல், கடும் வெயில், மாதவிலக்கு, உறக்கமின்மை, தேர்வுக் கவலை ஆகியவை அதை மீண்டும் எழுப்பலாம். மீண்டும் வரும்போது ஒரு நாள் முன்னதாகவே அந்த இடத்தில் குறுகுறுப்பும் எரிச்சலும் தோன்றும். வேதனையும் குறைவு, நாள்களும் குறைவு, ஆண்டுகள் செல்லச் செல்ல வருகையும் குறையும்.

இனி எங்களை இதை எழுதத் தூண்டிய செய்திக்கு வருகிறோம். திருமணம் நிச்சயமான ஒரு பெண்ணை அவருடைய தந்தை எங்களிடம் அழைத்து வந்தார். (அடையாளங்களை மாற்றியே எழுதுகிறோம்.) மாப்பிள்ளை வீட்டார் விருப்பப்படி இரு தரப்பிலும் ‘முழு உடல் பரிசோதனை’ செய்திருக்கிறார்கள். அறிக்கையின் கடைசிப் பக்கத்தில், ஹெர்ப்பீஸ் எதிர்ப்புப் புரதம் உள்ளது எனத் தடித்த எழுத்தில் அச்சாகியிருந்தது. அந்தத் தந்தை மகளின் முகத்தைப் பார்க்காமலே எங்களிடம் பேசினார். அப்பெண்ணுக்கு எந்த அறிகுறியும் இல்லை. அறிக்கையில் இருந்ததோ முதல் வகைக்கான எதிர்ப்புப் புரதம். உலகில் மூவரில் இருவரைச் சோதித்தால் கிடைக்கக்கூடிய முடிவு. மாப்பிள்ளையின் அறிக்கையில் அந்தச் சோதனையே சேர்க்கப்படவில்லை என்பது பிறகு தெரிந்தது.

இப்பரிசோதனையைப் பற்றி எங்கள் கருத்தை ஒளிவின்றிச் சொல்கிறோம். அறிகுறி இல்லாதவர்களுக்கு ஹெர்ப்பீஸ் இரத்தப் பரிசோதனை தேவையில்லை. அமெரிக்காவின் தடுப்பு மருத்துவப் பணிக்குழு 2016இலும் மீண்டும் 2023இலும் இதையே கூறியது. காரணம், இல்லாத நோயை இருப்பதாகக் காட்டும் தவறு இதில் மிகுதி. உண்மையாகவே இருந்தாலும், எப்போது வந்தது, யாரிடமிருந்து வந்தது, உடலில் எந்த இடத்தில் உள்ளது என எதையும் அது சொல்லாது. அறிக்கைகளில் ‘ஐஜிஎம்’ என்று வருவதைக் கண்டு ‘புதிய தொற்று’ என முடிவு கட்டுகிறார்கள். அந்தச் சோதனை பழைய தொற்று மீண்டும் எழும்போதும் காட்டும். தொடர்பற்ற வேறு காரணங்களாலும் காட்டும். அதை நம்பி ஒரு கேள்வியைக்கூட எழுப்பக் கூடாது. திருமணத்தை நிறுத்துவது எங்ஙனம்?

இதைவிட மனம் வருந்தச் செய்வது ‘டார்ச்’ எனப்படும் சோதனைத் தொகுப்பு. இரண்டு, மூன்று முறை கருக்கலைந்த பெண்கள் அந்த அறிக்கையைக் கையில் பிடித்துக்கொண்டு வருகிறார்கள். ஹெர்ப்பீஸ் என்று அதில் ஒரு வரி இருக்கும். குழந்தையை இழந்த துயரத்தோடு, “நீதான் எதையோ கொண்டு வந்திருக்கிறாய்” என்ற மாமியாரின் சொல்லையும் சுமந்திருப்பார்கள். தொடர் கருச்சிதைவுக்குக் காரணம் கண்டறிய அத்தொகுப்பு உதவுவதில்லை. அதை எழுதிக் கொடுப்பவர்கள் எங்களைப் போன்ற மருத்துவர்களே என்பதால், இதில் எங்கள் துறையார் அனைவருக்கும் பங்கு உண்டு.

அப்படியானால் எப்போது சோதிப்பது? கொப்புளம் இருக்கும்போது. புதிதாகத் தோன்றிய கொப்புளத்தின் அடியிலிருந்து பஞ்சுக் குச்சியால் எடுத்து பிசிஆர் முறையில் பார்த்தால், வைரஸ் உண்டா, எந்த வகை என்று தெளிவாகத் தெரியும். ஆகவே புண் ஆறட்டும் என்று காத்திராமல் உடனே வர வேண்டும். மருந்தும் அப்போதுதான் நன்கு பயன் தரும். அசைக்ளோவிர் போன்ற மாத்திரைகள் வைரஸை உடலிலிருந்து முற்றிலும் நீக்குவதில்லை; அதன் பெருக்கத்தை அடக்கி, நோவையும் நாள்களையும் குறைக்கின்றன. அடிக்கடி வருவோர் தினந்தோறும் உட்கொண்டால் வருகை பெருமளவு குறையும். மருந்துக்கடையில் தாமாகவே கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த ‘அரிப்புக் களிம்பு’ மட்டும் வேண்டாம். அதைத் தடவிப் புண் பரந்த நிலையில் வருவோர் எங்கள் புறநோயாளர் வரிசையில் ஏராளம். கண் சிவந்து வலித்தால் ஸ்டீராய்டு சொட்டு மருந்தை நாமே போடுவது அதைவிடக் கேடு; கருவிழியில் ஹெர்ப்பீஸ் இருந்தால் பார்வையே பறிபோகலாம்.

தடுப்பைப் பற்றி இளையோரிடம் மிகைப்படுத்தியும் பேசக் கூடாது. மறைத்தும் பேசக் கூடாது. கொப்புளமோ குறுகுறுப்போ உள்ள நாள்களில் முத்தம், வாய்வழி உறவு, உடலுறவு எதுவும் வேண்டாம். மற்ற நாள்களில் ஆணுறை தொற்றைக் கணிசமாகக் குறைக்கும். அது மூடாத தோலிலிருந்தும் பரவக்கூடும் என்பதால் முழுப் பாதுகாப்பு என்று சொல்ல இயலாது. தம்பதியரில் ஒருவருக்கு மட்டும் இரண்டாம் வகை இருந்தால், அவர் தினமும் வாலாசைக்ளோவிர் 500 மில்லிகிராம் எடுத்துக்கொள்வது துணைக்குத் தொற்றும் வாய்ப்பை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்தது என 2004இல் வெளியான ஆய்வு காட்டியது. அதில் 1,484 இணையர் எட்டு மாதங்கள் கண்காணிக்கப்பட்டனர். தடுப்பூசி இன்னும் இல்லை. இரண்டாம் வகை உள்ளவர்களுக்கு எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பு ஏறக்குறைய மும்மடங்கு என்பதால், பிறப்புறுப்பில் புண்ணோடு வருவோருக்கு எச்.ஐ.வி., சிபிலிஸ் சோதனைகளையும் செய்கிறோம். அது சந்தேகத்தால் அன்று; வழக்கமான நடைமுறை.

ஆனால் இவை அனைத்துக்கும் முன் நிற்பது, துணையிடம் சொல்லிவிடுவது. இது கடினம் என அறிவோம். எப்படிச் சொல்வது என்று கேட்கும் இளைஞரிடம், “முன்னே கொப்புளத்துக்கு மருந்து எடுத்திருக்கேன், மறுபடி வரலாம், டாக்டரை ரெண்டு பேருமா பார்ப்போம்னு சொல்லுங்க தம்பி” என்போம். நீண்ட வாக்குமூலம் தேவையில்லை. பல இணையர் எங்கள் முன் ஒன்றாக அமர்ந்து கேட்டிருக்கிறார்கள், பாதிப் பேருக்காவது முதல் கேள்வி, “அப்போ எங்களுக்குக் குழந்தை பிறக்குமா?” என்பதாகவே இருக்கும். பிறக்கும். ஹெர்ப்பீஸ் மலட்டுத்தன்மையை உண்டாக்குவதில்லை.

கர்ப்பம் குறித்து மட்டும் கவனம் வேண்டும். முன்பே தொற்றுள்ள தாயிடமிருந்து பிரசவத்தில் குழந்தைக்குப் பரவும் வாய்ப்பு நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. கர்ப்பத்தின் இறுதி மாதங்களில் முதன்முறையாகத் தொற்றினால் அது நூற்றில் 30 முதல் 50 வரை உயர்கிறது. எனவே மகப்பேறு மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். பிரசவ வேளையில் புண் இருந்தால் அறுவை வழியே குழந்தையை எடுப்பார்கள். பிறந்த குழந்தைக்கு இந்நோய் உயிராபத்தானது. உதட்டில் கொப்புளம் உள்ள எவரும், அவர் தாய்மாமனே ஆனாலும், பச்சிளங்குழந்தையை முத்தமிடக் கூடாது. குழந்தை பார்க்க வருவோரிடம் இதைச் சொல்லத் தாய்மார்கள் கூசுகிறார்கள். வீட்டுப் பெரியவர்கள் அவர்களுக்காகச் சொல்லலாம்.

பெற்றோரிடம் எங்கள் வேண்டுகோள் ஒன்றே. பிள்ளை கொப்புளம் என்று வந்து நின்றால், எங்கே போனாய், யாரோடு போனாய் என்ற விசாரணையைத் தொடங்காதீர்கள். அந்தக் கேள்விக்கு அஞ்சியே மூன்று வாரம் கடந்து, களிம்பு பூசி, காய்ச்சலோடு வருகிறார்கள். எங்களிடமும் குறை உண்டு. பெற்றோர் அருகில் இருக்கும்போது சங்கடத்தைத் தவிர்க்க நாங்களும் ‘சூட்டுக் கொப்புளம்’ என்று சொல்லி மருந்தெழுதி அனுப்பியதுண்டு. அவர்கள் வீட்டுக்குச் சென்று மருந்தின் பெயரைக் கைப்பேசியில் தேடி, தனியாக அழுதிருப்பார்கள். இப்போது எங்கள் பிரிவில், பதினெட்டு வயது நிறைந்த எவரையும் முதலில் தனியே பார்க்கிறோம். உடன் வந்தவர்கள் சிறிது நேரம் வெளியே அமர்ந்திருக்க வேண்டும். அதைத் தவறாக எண்ண வேண்டாம்.

பதிவுச் சீட்டு வாங்குமிடத்தில் நோயின் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. ‘தோல் பிரிவு’ என்றால் போதும். எங்களிடம் வர இயலாதவர்கள் அரசு மருத்துவமனைகளில் உள்ள சுகவாழ்வு மையங்களுக்குச் செல்லலாம். அங்கே ஆலோசகர் உண்டு. ஹெர்ப்பீஸுக்கான மாத்திரைகள் சிவப்பு நிறப் பொட்டலத்தில் கட்டணமின்றித் தரப்படுகின்றன.